38 சதவீதம் என்பது யாருடைய கணக்கு?

அக்கா மகள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். ஒரு மாலை அம்பத்தூர் வீட்டில் கரண்ட் போயிருந்த நேரம், ப்ராஜெக்ட் பற்றிப் பேசப் பேராசிரியரின் காணொளி அழைப்பில் சேர்ந்தாள். திரையின் மூலையில் 38 சதவீதம் என்று இருந்தது. கேமராவின் சிறு விளக்கு எரிந்தது, அடுத்த நொடி திரை இருண்டது. சார்ஜ் குறைகிறது என்ற எச்சரிக்கை வரவில்லை. எழுதிக்கொண்டிருந்த கோப்பைச் சேமிக்க நேரம் கிடைக்கவில்லை. கரண்ட் வந்ததும் சார்ஜரைச் செருகி இயக்கினால், எதுவுமே நடக்காததுபோல 36 சதவீதம் என்று காட்டியது.

“மாமா, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?” என்று கேட்டாள். 2019-ல் வாங்கிய மடிக்கணினி. செயலியில் குறையில்லை, விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. உடம்பெல்லாம் நன்றாக இருக்க, ஓர் உறுப்பின் கோளாறுக்காக முழுக் கருவியையும் கழிப்பதற்கு முன் நியாயமாக விசாரிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

விசாரிக்கப் போனால் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி, “ஒரு தடவை முழுசா இறக்கி ஏத்துங்கண்ணே, கேலிப்ரேஷன் ஆனா சரியாயிடும்” என்றான். அக்கா, “சார்ஜர்லயே போட்டு வச்சுக்கட்டும், எதுக்குத் தண்டச் செலவு?” என்றாள். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், “செல்லை மட்டும் மாத்திடலாம் சார், பாதிக் காசுதான் ஆகும்” என்றார். அதற்கு இரண்டு கடை தள்ளி இருந்தவர், “புது பேக் போட்டுடுங்க, தலைவலி தீரும்” என்றார். நான்குமே அக்கறையோடு சொல்லப்பட்டவைதான். ஆனால் நான்கும் ஒரே நோய்க்கான மருந்துகளா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். கோளாறின் காரணத்தைத் தொடுகிறதா? வீட்டில் வைத்துப் பயன்படுத்தப் பாதுகாப்பானதா? கொடுக்கும் காசுக்கும் நேரத்துக்கும் ஈடான ஆயுளைத் தருகிறதா?

முதலில் காரணம். மூலையில் தெரியும் சதவீதத்தைப் பெட்ரோல் டேங்கின் முள்ளைப்போல நினைத்துக்கொள்கிறோம். பேட்டரிக்குள் எவ்வளவு மின்னூட்டம் மிஞ்சியிருக்கிறது என்று நேராகப் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. பேட்டரி பேக்கின் உள்ளேயே ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. 1995-ல் இன்டெலும் டியூராசெல்லும் வகுத்த ஸ்மார்ட் பேட்டரி விதிமுறையின் வழியில் வந்தது அது. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து வைத்துக்கொள்ளும். செல்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்க்கும். பழைய அனுபவத்தை வைத்து மீதி இவ்வளவு என்று மதிப்பிட்டுச் சொல்லும். நாம் காண்பது அந்த மதிப்பீட்டைத்தான். மளிகைக் கடைக் கணக்கு நோட்டைப்போல, வருடத்துக்கு ஒருமுறையாவது சரக்கை இறக்கி எண்ணிப் பார்த்தால்தான் நோட்டும் சரக்கும் ஒத்துப்போகும். எண்ணாமலே ஓடும் நோட்டில் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

ஆக, முதல் சந்தேகம் நோட்டின் மேல். இரண்டாவது சந்தேகம் சரக்கின் மேல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சொல்லப்படும் எந்த யோசனையும் குருட்டு வைத்தியம்தான்.

சரக்கில் என்ன நடக்கிறது? லித்தியம் அயனி செல் ஒன்று முழுமையாக ஏறியிருக்கும்போது பொதுவாக 4.2 வோல்ட் இருக்கும். இறங்க இறங்க 3.7 வோல்ட் அருகே வெகுநேரம் நின்று, கடைசியில் மலைச்சரிவுபோலச் சடாரென்று விழும். 3 வோல்ட் அளவுக்கு வந்துவிட்டால், செல்லைக் காப்பாற்றுவதற்காகக் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். சில பேக்குகளில் இந்த எல்லை இன்னும் சற்றுக் கீழே இருக்கும். பல மடிக்கணினிகளில் மூன்று செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. மூன்றில் எந்த ஒன்று எல்லையைத் தொட்டாலும் முழு பேக்கும் நிற்கும். மற்ற இரண்டிலும் சார்ஜ் இருப்பது அப்போது உதவாது.

வயதாகும் செல்லில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. கொள்ளளவு குறைகிறது, இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, அக மின்தடை கூடுகிறது; இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மின்முனைகளின் மேல் மெல்லிய படலம் ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது, அயனிகள் போய்வரும் வழி குறுகுகிறது. போர்வெல் தண்ணீர் ஓடும் வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும். குழாயின் உட்புறம் உப்பு படிந்து சுருங்கியிருக்கும். ஒரு குழாயைத் திறந்தால் ஏதோ வருகிறது. அடுக்களையில் இன்னொன்றையும் திறந்தால் குளியலறையில் நின்றுவிடுகிறது. தொட்டி காலியாகிவிட்டது என்று அப்போது நாம் சொல்வதில்லை.

அக்கா மகளின் கணினி 38 சதவீதத்தில் அணைந்ததும் இந்தக் கதைதான். சும்மா எழுதிக்கொண்டிருக்கும்போது அது இழுப்பது ஆறு, ஏழு வாட். காணொளி அழைப்பைத் திறந்ததும் கேமரா, வைஃபை, படத்தைச் சுருக்கும் வேலை எல்லாம் ஒன்றாகச் சேரும். செயலி டர்போ வேகத்துக்குத் தாவும். 15 வாட் என்று குறிக்கப்பட்ட செயலிகூடச் சில நொடிகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கக்கூடும். அந்த நொடியைத்தான் கிழட்டுச் செல் தாங்கவில்லை.

இது வெறும் ஊகமா என்று சோதிப்பது கடினமில்லை. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். வடிவமைப்புக் கொள்ளளவு 41,000 மில்லிவாட்-மணி, தற்போதைய முழுக் கொள்ளளவு 29,900. அதாவது 73 சதவீத ஆரோக்கியம். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் பேட்டரி இன்னும் தேறும் என்றுதான் சொல்வார். அடுத்து, மின்னழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்துவைத்துப் பேட்டரியில் ஓட்டினேன். சும்மா இருக்கும்போது 10.7 வோல்ட், 0.6 ஆம்பியர். கேமராவைத் திறந்தேன். எண்கள் தடதடவென்று இறங்கி 9.4 வோல்ட், 3.6 ஆம்பியர் என்று ஒரு கணம் நின்றன, பிறகு திரை இருண்டது. வேறுபாட்டைக் கணக்கிட்டால், 3 ஆம்பியர் கூடியதற்கு 1.3 வோல்ட் விழுந்திருக்கிறது. 1.3-ஐ 3-ஆல் வகுத்தால் 0.43 ஓம். நல்ல நிலையில் இருக்கும் மூன்று செல் பேக்கில் இது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 ஓமுக்குள் இருக்கும். 9.4 வோல்ட்டை மூன்றால் வகுத்தால் செல்லுக்குச் சராசரியாக 3.1. மூன்றில் நலிந்த செல் அதற்கும் கீழே போயிருக்கும். காப்புச் சுற்று தன் கடமையைச் செய்தது.

பத்தாம் வகுப்பு ஓம் விதியைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல்தான் பல மடிக்கணினிகள் கழிக்கப்படுகின்றன, பலவற்றுக்குத் தவறான வைத்தியம் பார்க்கப்படுகிறது.

இப்போது நான்கு யோசனைகளையும் எடுத்துக்கொள்வோம்.

கேலிப்ரேஷன் முதலில். இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, நிக்கல் காட்மியம் காலத்து நம்பிக்கை. பாதியில் ஏற்றினால் பேட்டரி அந்தப் பாதியையே நினைவில் வைத்துக்கொள்ளும், முழுதாக இறக்கி ஏற்றினால் நினைவு அழியும் என்பார்கள். 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனிக்கு இந்த அறிவுரை பொருந்தாது. முழுதாக இறக்குவது அதற்குச் சிகிச்சை ஆகாது, தேய்மானம்தான் மிச்சம். இரண்டாவது வேர் நியாயமானது. நான் சொன்ன கணக்கு நோட்டைத் திருத்துவது. முழு சார்ஜ் என்ற மேல் எல்லையையும் காலி என்ற கீழ் எல்லையையும் சில்லு ஒருமுறை தொட்டுப் பார்த்தால், நடுவில் இருக்கும் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

செய்து பார்த்தேன். 100 வரை ஏற்றி இரண்டு மணி நேரம் ஆறவிட்டேன். திரை வெளிச்சத்தைக் குறைத்து, கனமான வேலை எதுவும் கொடுக்காமல், தானாக அணையும்வரை மெதுவாக இறக்கினேன். ஐந்து மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் முழுதாக ஏற்றினேன். இறக்குவதை மெதுவாகச் செய்ய வேண்டும் என்பது முக்கியம். கனமான வேலை கொடுத்தால் பாதியிலேயே துண்டித்துக்கொள்ளும், சில்லு கீழ் எல்லையைப் பார்க்காமலே போய்விடும்.

மறுபடி ரிப்போர்ட் எடுத்தேன். முழுக் கொள்ளளவு 29,900 என்று இருந்தது 21,300 ஆகியிருந்தது. ஆரோக்கியம் 73-லிருந்து 52 சதவீதம். இதைப் பார்த்துப் பலரும் கேலிப்ரேஷன் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். கெடுக்கவில்லை. முன்பே கெட்டிருந்ததை இப்போதுதான் ஒப்புக்கொண்டது. எழுத்து வேலையில் மட்டும் ஓட்டியபோது 7 சதவீதம்வரை நின்றது. எச்சரிக்கையும் ஒழுங்காக வந்தது. ஆனால் காணொளி அழைப்பைத் திறந்தால் இருபதுகளிலேயே இருண்டது. அக மின்தடை மாறவில்லையே.

ஆகவே கேலிப்ரேஷனுக்கு நான் தரும் மதிப்பு இது. நோட்டைத் திருத்தும், சரக்கைத் திருத்தாது. செலவில்லை, ஒருநாள் பொறுமை போதும். நோட்டில் பிழையா, சரக்கில் பழுதா என்று பிரித்துக் காட்டும் சோதனையாக அது அருமையானது. மாதம்தோறும் செய்யும் சிகிச்சையாக அது தீங்கு. பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ அடிமூடி சீராக உட்காராவிட்டாலோ, இதைச் செய்யவே கூடாது. அப்போது அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோவது ஒன்றே வழி.

அடுத்து அக்காவின் யோசனை, சார்ஜரிலேயே வைத்துக்கொள்வது. மேசையை விட்டு நகராத கணினிக்கு இதில் நியாயம் உண்டு. மின்வெட்டு வரும் வீட்டிலும் வகுப்புக்கு எடுத்துப்போகும் மாணவிக்கும் இது உதவாது. மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கைவிடச் சொல்லும் யோசனை அது. இதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கேடெக்ஸ் நிறுவனர் இசிடோர் புக்மன் பரவலாக அறியச் செய்த அட்டவணை ஒன்று உண்டு. முழு சார்ஜில் 25 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வைத்த லித்தியம் அயனியில் மீளக்கூடிய கொள்ளளவு சுமார் 80 சதவீதம். 40 டிகிரியில் வைத்தால் 65. அதே 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 85. சென்னையின் கோடையில், விசிறி சூடாக ஊதும் கணினியின் வயிற்றுக்குள், எப்போதும் 100-ல் நிற்கும் பேட்டரி எந்த வரிசையில் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா மகளின் பேட்டரியும் ஊரடங்கு நாட்களின் இணைய வகுப்புகளில் காலை முதல் இரவுவரை சார்ஜரிலேயே கிடந்தது. நோயின் வேர்களில் ஒன்றையே மருந்தாகத் தரும் யோசனை என்பதால் இதைத் தள்ளுகிறேன். சார்ஜரிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இப்போது பல கணினிகளில் இருக்கிறது, அதை இயக்கிவிட வேண்டும். அது புதிய பேட்டரியைக் காக்கும். போனதை மீட்காது.

இங்கே ஓர் இடைக்காலக் கைத்தடியையும் சொல்ல வேண்டும். விண்டோஸின் மின்சார அமைப்பில், பேட்டரியில் ஓடும்போது செயலியின் உச்ச அளவை 100-லிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் நின்றுவிடும். மின்னோட்டம் திடீரென்று தாவாது. செய்து பார்த்தபோது அழைப்பு 14 சதவீதம்வரை அணையாமல் ஓடியது. நோய் அக மின்தடைதான் என்பதற்கு இதுவே இரண்டாவது சாட்சி. தேர்வு வாரத்தை ஓட்ட இது போதும், வருடக்கணக்கில் ஓட்டப் போதாது.

இதே உண்மை உலகமறிய ஒருமுறை வழக்குமன்றம்வரை போயிருக்கிறது. ஐபோன் 6, 6எஸ் வகைகள் சார்ஜ் இருக்கும்போதே திடீரென்று அணைந்துகொண்டிருந்தன. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1-ல் ஆப்பிள் நிறுவனம், பழைய பேட்டரி கொண்ட கருவிகளின் உச்ச வேகத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் குறைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதை ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. 2020-ல் பிரான்ஸ் அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பொறியியல் நோக்கில் அந்தத் திருத்தம் சரியானதுதான், நான் மேலே சொன்ன 99-ன் வேலையைத்தான் அதுவும் செய்தது. தவறு, உடைமையாளரிடம் சொல்லாததில். பேட்டரிதான் காரணம் என்று தெரிந்திருந்தால் 79 டாலரில் முடிந்திருக்கும் காரியத்துக்குப் பலர் புதுப் போனே வாங்கினார்கள். 2018-ல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது இரண்டு தகவல்கள் தனித்தனியே காட்டப்பட்டன: எஞ்சிய கொள்ளளவு எவ்வளவு, உச்ச மின்திறனைத் தர பேட்டரியால் முடிகிறதா. அந்த இரண்டாவது தகவல்தான் மடிக்கணினித் திரைகளில் இன்றும் பொதுவாகக் காணப்படாதது. அக மின்தடையைப் பல பேக்குகளின் சில்லு தானே கணித்து வைத்திருக்கிறது. அதை உடைமையாளரின் கண்ணில் காட்டாமல் ஒற்றைச் சதவீதத்தை மட்டும் காட்டுவதைக் குறைபாடு என்றே சொல்வேன்.

மூன்றாவது யோசனை, செல் மாற்றுவது. இதன் பக்கமும் நியாயம் இருக்கிறது. செலவு குறைவு, குப்பை குறைவு, கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு வருமானம். விரல் பருமனில் உருளையாக இருக்கும் 18650 செல்கள் வந்த காலத்தில் தேர்ந்த கைகள் இதை நன்றாகவே செய்தன. ஆனால் இன்றைய மெல்லிய கணினிகளில் இருப்பவை தட்டையான பை வடிவச் செல்கள். அவற்றின் அளவுக்குச் சரியாகக் கிடைப்பது அரிது. ஒரே நாளில், ஒரே தொகுதியில் செய்த செல்களாகப் பொறுக்கிப் போடாவிட்டால் மூன்றில் ஒன்று சீக்கிரம் நலியும், பழைய கதையே திரும்பும். நேரடியாகப் பற்றவைத்தால் அந்தச் சூடே செல்லைக் கெடுக்கும். செல்லைக் கழற்றியதும் நிரந்தரப் பூட்டுப் போட்டுக்கொள்ளும் சில்லுகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், லித்தியம் செல்லில் தவறு நடந்தால் அது தீ. 2006-ல் சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் பேட்டரிகளை டெல் நிறுவனம் திரும்பப் பெற்றது. பெரிய ஆலையிலேயே நேர்ந்த பிழை அது. மெத்தை மேல் வைத்துப் படிக்கும் பிள்ளையின் கணினிக்கு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத செல்லைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டாவது கேள்வியிலேயே இந்த யோசனை விழுகிறது.

மிஞ்சியது புதிய பேக். கேட்பதற்குச் சுலபமான பதில்; வாங்கும்போதுதான் சிக்கல். கணினித் தயாரிப்பாளரின் ஒரிஜினல் கிடைத்தால் நல்லது. ஆனால் ஆறு வயதுக் கணினிக்கு ஒரிஜினல் என்ற பெயரில் கிடைப்பது, சில வருடம் கிடங்கில் முடங்கிய சரக்காகவும் இருக்கலாம். மேலே சொன்ன அட்டவணையை நினைவில் கொள்ளுங்கள். பேட்டரி கடையில் இருந்தாலும் வயதாகிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே விலைக்கு முன் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. அடுத்து, இந்தியத் தர நிறுவனமான பிஐஎஸ்ஸின் பதிவு எண். லித்தியம் செல்களுக்கும் பேட்டரிகளுக்கும் ஐஎஸ் 16046 தரத்தின்கீழ்ப் பதிவு இங்கே கட்டாயம். மூன்றாவது, கடையிலேயே கணினியில் மாட்டி ரிப்போர்ட் எடுத்துப் பார்ப்பது. சுழற்சி எண்ணிக்கை பூஜ்யமாகவோ ஒன்றிரண்டாகவோ இருக்க வேண்டும். இந்த எண்ணைப் போலியாக எழுதிவைக்க முடியும் என்பதால் நான்காவது சோதனைதான் முடிவானது: அதே கேமராவைத் திறந்து மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. சில்லில் எதை எழுதினாலும் ஓம் விதியை ஏமாற்ற முடியாது.

பிஐஎஸ் எண்ணும் ஆறு மாதத்துக்குள்ளான தயாரிப்புத் தேதியும் கொண்ட கம்பாட்டிபிள் பேக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கடைக்காரர் நாங்கள் சோதிக்கும்வரை பொறுமையாக நின்றார். “இதுவரைக்கும் யாரும் வோல்ட் பார்த்து வாங்கினதில்ல சார்” என்றார். கேமராவைத் திறந்தபோது 11.3-லிருந்து 10.8-க்கு இறங்கி அங்கேயே நின்றது. மூன்று ஆம்பியருக்கு அரை வோல்ட். பழைய பேக்கின் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டி, குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தோம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. நம் பக்கப் பொறுப்பு, அவை சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர விடுவது.

முடிவாக நான் சொல்வது இது. சார்ஜரில் ஓடும்போதும் கணினி அணைகிறதென்றால் பேட்டரியை விட்டுவிட்டு வெப்பத்தையும் போர்டையும் பார்க்க வேண்டும். பேட்டரியில் மட்டும்தான் என்றால், உப்பல் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, ஒரே ஒருமுறை மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். அதன்பின் எச்சரிக்கை கொடுத்து ஒழுங்காக அணைந்தால் பிழை நோட்டில் இருந்தது; இருக்கிற கொள்ளளவு போதுமானால் காசு செலவழிக்க வேண்டாம். அதன்பிறகும் கனமான வேலையில் 15 சதவீதத்துக்கு மேலேயே சட்டென்று அணைந்தால் அந்த பேக்கின் காலம் முடிந்தது. கொள்ளளவு 70 என்று ரிப்போர்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். புதிய பேக் மாற்றுங்கள், 80 சதவீத வரம்பை அன்றே இயக்குங்கள், கணினியை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணினி இப்போதும் அக்கா மகளின் மேசையில்தான் இருக்கிறது. போன வாரம் கரண்ட் போனபோது அழைப்பில் இருந்தாள், 31 சதவீதம். கேமரா எரிந்துகொண்டே இருந்தது, முக்கால் மணி நேரம் பேசி முடித்தாள். புதுக் கணினிக்கென்று அக்கா ஒதுக்கி வைத்திருந்த பணம் அவளுடைய கடைசி செமஸ்டர் கட்டணத்துக்குப் போயிற்று.